வலது பக்கம் விட்ட இடம்

எஸ்தர் அலையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு விரலைத் திருப்பி என் முகத்துக்கு நேராக நீட்டினாள். நுனியில் நீலப் பொடி ஒட்டியிருந்தது.

“இன்னாயா இது, கடலு கையில ஒட்டிக்கினு கீது?”

கல்யாணம் ஆன புதிது. உத்திரமேரூர் கடைத்தெருவில் நான் வேலை பார்த்த போட்டோ ஸ்டுடியோவுக்கு அவளை அன்றைக்குத்தான் முதல் தடவையாக அழைத்து வந்திருந்தேன். முதலாளி மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் என் பெண்டாட்டியைப் படுதா முன்னால் நிறுத்தி ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்பது என் திட்டம். காமிராவில் பிலிம் இருந்தது. கூரைக் கண்ணாடி வழியாக நல்ல வெளிச்சம் விழுந்தது. அவள் தலையில் கனகாம்பரம் இருந்தது.

படுதா என்பது சுவர் அகலத்துக்கு ஒரு கித்தான் துணி. அதில் நீலக் கடல், ஒரு கலங்கரை விளக்கம், பூந்தொட்டி வைத்த கைப்பிடிச் சுவர், ஓரத்தில் ஒரு தென்னை. மதராஸ் கடற்கரையாம். வரைந்தவர் மதராஸைப் பார்த்தவரா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. தென்னையையே சரியாகப் பார்த்தவர் இல்லை, மரத்தில் தொங்கியது பனங்காய்.

“அப்படியே நின்னுக்க, ஒரு நிமிசந்தான்” என்றேன்.

“மாட்டேன்.”

“ஏன்?”

“இது சாவு வூட்டுத் துணி. எங்க நைனாவுக்குப் பின்னால கட்டினது இதானே?”

அதுவேதான். முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டது, காமிராவை மூடிவிட்டேன்.

கடலோரம் உட்கார்ந்தவர்கள்

இந்தக் காலத்துப் பிள்ளைகள் டீ குடிப்பதைக்கூடப் படம் எடுக்கிறார்கள். அவர்களிடம் எங்கள் தொழிலைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். சுளித்தால் சுளிக்கட்டும்.

அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் உயிரோடு இருக்கும்போது படம் எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. தனியாக நின்று படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயம். ஆயுசு முடிந்த பிறகு அந்தப் பயம் கிடையாது. ஆகவே ஒருவர் செத்துப்போனால் மேளக்காரருக்குச் சொல்லி அனுப்பும் கையோடு எங்களுக்கும் சொல்லி அனுப்புவார்கள். நான் காமிராவையும் அதை நிறுத்தும் முக்காலியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு, சுருட்டிய படுதாவைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவேன்.

பிணத்தைக் குளிப்பாட்டிப் புதுத்துணி உடுத்தி நாற்காலியில் உட்கார வைப்பார்கள். இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றி நாற்காலியோடு கட்டி, அது தெரியாமல் மேலே வேட்டியை இழுத்துவிடுவார்கள். கண்ணை யாராவது விரலால் திறந்து வைப்பார்கள். நான் பின்னால் படுதாவைக் கட்டுவேன். எங்கள் ஊரில் கடலைக் கண்ணால் பார்க்காமல் செத்தவர்கள் எல்லாரும் படத்தில் கடற்கரையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டு நிழலில் எடுப்பதால் காமிராவைக் கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருப்போம். உயிரோடு நிற்பவர்கள் அழுது அசைந்து மங்கிப்போவார்கள். படத்தில் தெளிவாக விழுந்தவர் செத்தவர் ஒருவர்தான்.

எஸ்தரை நான் முதலில் பார்த்ததும் அப்படி ஒரு வீட்டில்தான். சாலவாக்கத்துக்கு வெளியே எங்கள் சனத்தின் தெரு. அவர்களும் எங்களைப் போலக் கிறிஸ்தவ வேதக்காரர்கள், நிலமில்லாத கூலிக்காரர்கள். அவள் அப்பா அறுப்புக்குப் போன இடத்தில் விழுந்து செத்திருந்தார். நாற்காலியில் உட்கார வைத்தால் தலை நிற்கவில்லை, சாய்ந்து சாய்ந்து விழுந்தது.

அதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. படுதாவில் கடலுக்கு நடுவே ஒரு கீறல் வைத்திருந்தோம். யாராவது ஒருவர் பின்னால் மறைந்து நின்று, கீறல் வழியாகக் கையை விட்டுத் தலையைத் தாங்கிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு ஆண்பிள்ளைகள் எல்லாரும் படத்தில் நிற்க ஆசைப்பட்டார்கள். பின்னால் போய் நின்றது எஸ்தர்.

பிரிண்ட் போட்டபோது பார்த்தால், பெரியவரின் காதுக்குப் பக்கத்தில் நான்கு விரல்கள் தெரிந்தன. நெகட்டிவில் அதைச் சுரண்டி எடுத்துவிடு என்றார் முதலாளி. நான் எடுக்கவில்லை. எல்லாரும் அசைந்த அந்தப் படத்தில் அந்த விரல்கள் மட்டும் அசையவே இல்லை. அதைப் பார்த்துத்தான் பெண் கேட்டுப் போனேன் என்றால் சிரிப்பீர்கள்.

ஆக, படுதாவுக்குப் பின்னால் நின்றவள் அவள். அதன் முன்னால் நிற்க மாட்டேன் என்றதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

“நான் செத்தா நாற்காலியில கட்டி வெச்சி எடுக்கக் கூடாது. எடுக்கறதா இருந்தா உசுரோட எடு. நெஜமான கடலு முன்னால எடு. இன்னா, செய்வியா?”

“செய்யறேன்.”

“வேதபொஸ்தகத்து மேல?”

“வேதபுத்தகத்து மேல.”

ஒரு போட்டோக்காரனுக்கு இது ஒரு பெரிய காரியமா? மதராஸ் அப்படி ஒன்றும் தூர தேசம் இல்லை. செங்கல்பட்டுக்கு பஸ், அங்கிருந்து ரயில். இந்த அறுப்பு முடியட்டும், அடுத்த அறுப்பு முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனது.

ஏரிக்கரையில் வெள்ளைக்காரர்

ஏன், உத்திரமேரூரில் அழகான இடமே கிடையாதா என்று கேட்பீர்கள். ஏரி இருக்கிறது. கல்வெட்டு நிறைந்த கல் மண்டபம் இருக்கிறது. தண்ணீர் இருக்கும் வருஷத்தில் கண்ணுக்கு எட்டிய வரை நாற்றுப் பச்சை இருக்கிறது. நானும் அவளிடம் இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன்.

“ஏரிக்கரையா? நாள் பூரா குனிஞ்சிக்கினு நாத்து நடற எடம் அது. படத்துலயும் அந்தச் சேத்துலயே நிக்கணுமா?” என்றாள்.

எங்கள் ஊர்க் கல்வெட்டைப் படம் எடுக்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். உதவிக்கு என்னை அனுப்பினார் முதலாளி. மண்டபத்தை எடுத்து முடித்ததும் அவர் ஏரிக்கரையில் ஏறி நின்று, “பியூட்டிஃபுல், பியூட்டிஃபுல்” என்று சொல்லிக்கொண்டே கீழே வயலை எடுத்தார். வரிசையாகப் பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் கடைசி ஆள் எஸ்தர். “அது என் மனைவி” என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு இன்னொன்று எடுத்தார்.

அன்றைக்கு எஸ்தருக்கு வந்த கோபம் இருக்கிறதே!

“முதுக எடுத்துக்கினு போனான் பாரு. நிமிந்து பாக்க சொல்லியிருந்தா நிமிந்திருக்க மாட்டோமா? எங்க மூஞ்சி எவனுக்கும் வாணாம்.”

எந்த நாட்டிலோ ஒரு வீட்டு ஆல்பத்தில் என் மனைவியின் முதுகு இருக்கிறது. புரட்டிப் பார்ப்பவர்கள் நல்ல இயற்கைக் காட்சி என்று சொல்வார்கள்.

படிகளின் ஊர்

எங்கள் மகள் ரோசி பிறந்த பிறகு எஸ்தருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது வாங்கியது, பிறகு குழந்தையைத் தூக்கும்போது, பிறகு பேசும்போதே வாங்கியது. செங்கல்பட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் நெஞ்சில் குழலை வைத்து வெகு நேரம் கேட்டார். நெஞ்சுக்குள் ஒரு கதவு சரியாகத் திறக்கவில்லை என்று எங்களுக்குப் புரியும்படி சொன்னார். பாரம் தூக்கக் கூடாது, வெயிலில் வேலை கூடாது, மேடு ஏறவே கூடாது.

திரும்பும்போது பஸ்ஸில் எஸ்தர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

“அப்போ கடலு?”

“கடலு இன்னா மேட்டுலயா கீது? பள்ளத்துலதான கீது?” என்றேன். அவள் சிரித்தாள்.

அன்றிலிருந்து எனக்கு மதராஸில் வேறு ஒரு வேலை சேர்ந்துகொண்டது. மாதத்துக்கு ஒரு தடவை பிலிமும் பேப்பரும் படம் கழுவும் மருந்தும் வாங்க முதலாளி என்னை அனுப்புவார். கடை வேலை முடிந்ததும், அவருடைய பழைய மடக்குக் காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எஸ்தரை எங்கே நிறுத்தலாம் என்று இடம் தேடிக் கிளம்பிவிடுவேன்.

இடம் அழகாக இருந்தால் மட்டும் போதாது. பஸ்ஸோ ரிக்‌ஷாவோ பக்கத்தில் போய் நிற்க வேண்டும். நடுவில் உட்கார நிழல் வேண்டும். மேடு கூடாது. நான் அவளைப் போலவே நடந்து பார்ப்பேன். நாலடி வைத்து நிற்பேன், மூச்சு வாங்குவேன், மறுபடி நடப்பேன். பட்டப்பகலில் நடுத் தெருவில் இப்படிச் செய்கிறவனைப் பார்த்து மதராஸ்காரர்கள் குடிகாரன் என்று ஒதுங்கிப் போனார்கள்.

அப்போதுதான் ஒன்று தெரிந்தது. அந்த ஊரில் அழகான இடம் எல்லாம் படிக்கு மேலேதான் இருக்கிறது. சிவப்புக் கட்டடம் என்றால் படி, வெள்ளைத் தூண் என்றால் படி. காசுள்ளவர்கள் கட்டடம் கட்டும்போது முதலில் படியைத்தான் கட்டுவார்கள் போலிருக்கிறது. மூச்சு வாங்குகிறவர்கள் யாரும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று.

மியூசியத்து வாசல் எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய மரங்கள், சிவப்புச் சுவர், நல்ல நிழல். ஆனால் மதராஸ் சனங்கள் அதற்கு வைத்திருந்த பெயர் செத்த காலேஜ். மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ்.

“செத்த காலேஜ் வாணாம்” என்று படத்தைத் திருப்பிக் கொடுத்தாள் எஸ்தர். “உயிர் காலேஜ்ல இன்னா கீது?”

“புலி.”

“புலி பக்கத்துலயா என்னிய நிக்க வெப்ப?”

ஒவ்வொரு இடத்தையும் இப்படிப் படம் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டுவேன். எல்லாப் படத்திலும் வலது பக்கம் கொஞ்சம் இடம் விட்டிருப்பேன். முதல் தடவை பார்த்தபோது, “இங்க இன்னாத்துக்கு சொம்மா உட்டு வெச்சிக்கிற?” என்று கேட்டாள்.

“அது ஒனக்கு.”

அந்த இடத்தில் கட்டை விரலை நிறுத்தி உயரம் பார்த்தாள். “இவ்ளோ குட்டையாவா கீறேன்?” என்றாள். குழந்தை ரோசியும் பக்கத்தில் தன் விரலை வைத்தது.

மெரினாவை அவளுக்குக் காட்டியபோது ஆசையாகப் பார்த்தாள். நான்தான் வேண்டாம் என்றேன். ரோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே எவ்வளவு மணல்! புதையப் புதைய நடக்க வேண்டும். அவளால் பாதிகூடத் தாண்ட முடியாது. ரோட்டிலிருந்தே எடுத்தால் கடல் ஒரு கோடாகத்தான் விழும். ஒரு கோட்டுக்கு முன்னால் நிற்பதற்கு நம் ஊர்ப் படுதாவே தேவலை.

அவ்வளவு பெரிய பட்டணத்தில் ஒரு மூச்சுக்காரிக்கு நிற்க இடம் இல்லை என்று மனசு விட்டுப்போனது.

மீன்காரம்மா

சாந்தோம் பக்கத்தில் ஒரு சந்துக்குள் தற்செயலாகத்தான் நுழைந்தேன். குடிசைகள், காயும் வலை, மீன் நாற்றம். சந்து முடிந்ததும் எதிரே கடல் நின்றது. அங்கே மணல் அகலம் குறைவு, அதுவும் மிதிபட்டுக் கெட்டியாகக் கிடந்தது. ரிக்‌ஷா சந்தின் முனை வரைக்கும் வரும். தண்ணீருக்குக் கொஞ்சம் இப்பால் ஒரு பழைய படகைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். மூச்சு வாங்கினால் உட்காரலாம்.

நான் நாலடி நடந்து நின்று, நாலடி நடந்து நின்று தண்ணீர் வரைக்கும் போனேன். முடிந்தது. அவளாலும் முடியும். படகு இடது பக்கம் வரும்படி, வலது பக்கம் இடம் விட்டு எடுத்தேன்.

கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்த ஒரு மீன்காரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா போட்டோக்காரரே, ஆளே இல்லாத மண்ணைப் புடிச்சிக்கினு கீற?”

“என் பொண்டாட்டிக்கு எடம் பாக்கறேம்மா.”

“வூடு கட்டவா? இங்கல்லாம் கட்ட வுட மாட்டாங்க.”

“வூடு இல்லம்மா, நிக்கறதுக்கு. அவளுக்கு நெஞ்சுல கோளாறு, ரொம்ப நடக்கக் கூடாது. கடலு முன்னால ஒரு படம் எடுத்துக்கணும்னு ஆசை.”

அவள் எழுந்து வந்து நான் காமிரா வைத்த பக்கத்தை ஒரு தடவை பார்த்தாள். “அந்த வலை அசிங்கமா தெரியும். ஒம் பொண்டாட்டிய இட்டாரும்போது சொல்லு, வாரி அந்தாண்ட போட்டுடறேன். காலையில இட்டா. மத்தியானத்துல மண்ணு சுடும்” என்றாள்.

எஸ்தரிடம் அந்தப் படத்தைக் கொடுத்தேன். வலது பக்கத்தில் கட்டை விரலை வைத்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

“இங்கதான்” என்றாள். அதை வேதபுத்தகத்துக்குள் வைத்தாள்.

“மாம்பயக் கலரு பொடவ கட்டிக்கிறேன்.”

“கறுப்பு வெள்ளையில எல்லாம் சாம்பலாத்தான் தெரியும்.”

“ஒனக்கு சாம்பலு. எனக்குத் தெரியும் அது மாம்பயம்னு.”

நான் பார்க்காத ஒன்று

பொங்கல் கழிந்து பனி விலகாத நாட்களில் ஒரு காலை கிளம்பினோம். ரோசியை எஸ்தரின் அண்ணன் தாவீது வீட்டில் விட்டோம். முதலாளி காமிராவோடு ஒரு புது ரோல் பிலிமும் கொடுத்து, “நல்லா எடுத்துக்கினு வாப்பா, ஸ்டுடியோவுலயே பெருசா மாட்டிடலாம்” என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தேன். மாம்பழக் கலர் புடவை, தலையில் பூ, மடியில் சோற்று டப்பா. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். கடல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துவந்து ரோசிக்குக் காட்ட வேண்டுமாம். செங்கல்பட்டு வரும் வரைக்கும் அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை. இனி ரயில், பிறகு ரிக்‌ஷா, பிறகு கெட்டி மணல். எல்லாவற்றையும் நடந்து பார்த்துவிட்டவன் நான்.

மதராஸ் வண்டி எதிர்ப் பிளாட்பாரத்துக்கு வரும். அங்கே போக மேம்பாலம் ஏற வேண்டும்.

மாதா மாதம் நான் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறிய பாலம்தான். ஒரு தடவைகூட அதை நான் பார்த்ததில்லை. மதராஸ் முழுக்க மேடு பள்ளம் பார்த்தவன் இதைப் பார்க்கவில்லை. இடத்தைத் தேடிக்கொண்டே இருந்தேன், வழியைத் தேடவில்லை.

எஸ்தர் அண்ணாந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “மெதுவா ஏறிடலாம்” என்று கைப்பிடியைப் பிடித்தாள். கொஞ்சம் ஏறினாள், உதடு நீலமாகியது, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது புடவைக்கு மேலேயே தெரிந்தது. சோற்று டப்பா உருண்டு கீழே போனது.

தண்டவாளத்தைத் தாண்டிப் போய்விடலாமா என்று ஓடிப் பார்த்தேன். நடுவில் ஒரு கூட்ஸ் வண்டி தலை எது வால் எது என்று தெரியாமல் நீளமாக நின்றிருந்தது. ஒரு போர்ட்டர் ஓடி வந்தார், நல்ல மனுஷர்.

“ஒரு நாற்காலி எடுத்தாறேன். அதுல குந்த வெச்சி ரெண்டு பேரா தூக்கினு போயிடலாம். கட்டி வெச்சா வுழாம இருப்பாங்க.”

எஸ்தர் தலையை மட்டும் ஆட்டினாள். பேச மூச்சு வந்ததும் சொன்னாள்.

“நாற்காலி வாணாம்.”

அந்தப் பக்கம் வண்டி வந்தது, நின்றது, கூவிக்கொண்டு கிளம்பியது. கூட்ஸ் பெட்டிகளின் இடுக்கு வழியாக அது போவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

காமிரா என் கழுத்தில் தொங்கியது. பிலிம் போட்டிருந்தது. வெளிச்சம் பக்கவாட்டில் நன்றாக விழுந்தது.

“இங்கியே ஒண்ணு எடுக்கட்டா, எஸ்தரு?”

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “இங்கியா? வேத்துக் கொட்டிக்கினு கீது, வாயெல்லாம் நீலம் பாஞ்சி கீது. புள்ள பெருசானா இந்த மூஞ்சியவா காட்டுவ? அடுத்த தபா பாத்துக்கலாம். காஞ்சிபுரத்துலருந்து நேரா பஸ்ஸு போதாமே?”

“ஆமா, போது.”

“அப்பறம் இன்னா? ஈஸ்டர் கழிச்சி அதுல போலாம்.”

பஸ்ஸில் திரும்பும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

நாற்காலி

ஈஸ்டருக்கு அவளுக்குக் கால் வீங்கிவிட்டது. கோயிலுக்கே போக முடியவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் காலை, ரோசிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்பைப் பிடித்தபடியே சுவரில் சாய்ந்தாள். ஒரு பக்கப் பின்னல் முடிந்திருந்தது. இன்னொரு பக்கத்தைத் தாவீதின் பெண்டாட்டி வந்துதான் பின்னிவிட்டாள்.

கேள்விப்பட்டதும் முதலாளி வந்தார். சைக்கிளில் காமிரா, தோளில் படுதா. நான் கூப்பிடவில்லை. அவர் மனசு கேட்காமல் வந்தார். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. “இன்னிக்கு நான் எடுக்கறேன்பா. நீ பக்கத்துல நில்லு” என்றார். தாவீது பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து வாசலில் போட்டான். பின்னால் அந்தக் கடல் தொங்கியது.

“வாணாம், மச்சான்” என்றேன்.

“இன்னா வாணாம்?”

“அவ வாணாம்னு சொல்லிக்கீறா. நான் சத்தியம் பண்ணிக்கீறேன்.”

தாவீதுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “ஊருல செத்தவனையெல்லாம் குந்த வெச்சி எடுத்தியே மாப்ளே! ஒன் பொண்டாட்டிய எடுக்க மாட்டியா? ரெண்டு வயசுப் புள்ள அது. நாளைக்கு எங்கம்மா எப்படி இருப்பானு கேட்டா இன்னாத்த காட்டுவ? செத்தவளுக்குப் பண்ண சத்தியம் பெருசா, புள்ள பெருசா?”

அவன் கேட்டதில் தப்பே இல்லை. அங்கே நின்றவர்கள் எல்லாரும் அவன் பக்கம்தான். நான் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. தாவீது என் கையைப் பிடித்து இழுத்தான், பிறகு அழுதுகொண்டே விட்டுவிட்டான். படுதா காற்றில் அசைந்து என் முதுகில் பட்டது. அந்தக் கீறல் வழியாக ஒரு கை வந்து என் தலையைத் தாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது. சவப்பெட்டியை மூடும் வரைக்கும் அங்கேயே இருந்தேன். முதலாளி படுதாவைச் சுருட்டிக்கொண்டு போனார்.

அங்கே

ரோசி கேட்டாள். தாவீது சொன்ன மாதிரியே கேட்டாள். அவள் தாத்தா செத்தபோது எடுத்த படத்தை எடுத்து, காதோரம் இருந்த நான்கு விரல்களைக் காட்டினேன். “இதான் ஒங்கம்மா.” பிறகு சாந்தோம் படத்தைக் காட்டி, வலது பக்கம் இருந்த வெறும் மணலைக் காட்டினேன். “இங்கதான் நிப்பா.” குழந்தை அதில் தன் விரலை வைத்து, “இப்போ எங்க போயிட்டா?” என்றது.

“தண்ணி கிட்ட போயிருக்கா.”

ரொம்ப நாள் வரைக்கும், அந்தப் படத்தை எடுக்கும்போதெல்லாம், “இன்னும் வரலியா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு வயசில் கேட்பதை நிறுத்தினாள். கேட்டதைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது.

இப்போது அவளுக்கே பேரப்பிள்ளைகள். போன வருஷம் ஒருநாள், கோபம் எதுவும் இல்லாமல் சொன்னாள், “எடுத்திருக்கலாம் நைனா. செத்த மூஞ்சியானாலும் பரவால்ல. எனக்கு ஒரு மூஞ்சி வேணும்.” நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன், என் மகளுக்கு அம்மா முகம் இல்லாமல் போனது. எனக்கே அவள் முகம் இப்போது சரியாக வருவதில்லை. விரல் வருகிறது, மூச்சுச் சத்தம் வருகிறது, மாம்பழ நிறம் வருகிறது. முகத்தை நினைத்தால் கண்ணீர்தான் முதலில் வந்து மறைக்கிறது. நாளானால் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை.

பத்திரிகையில் நான் எழுதிவரும் இந்தத் தொடரைக் கவனித்துக்கொள்ளும் உதவி ஆசிரியர் தம்பி, இந்த வாரத்துக்கு உங்கள் மனைவியின் படம் ஒன்று அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். வேதபுத்தகத்துக்குள் இருந்ததை எடுத்து அனுப்பினேன். நேற்று போன் செய்தார்.

“சார், படம் வந்துடுச்சு. கடல், படகு எல்லாம் பிரமாதம். அம்மா படம் அப்புறமா அனுப்புவீங்கன்னு நினைக்கிறேன். ஒரே ஒரு விஷயம். வலது பக்கம் காலியா கிடக்கு, பேஜ்ல அடங்கவும் மாட்டேங்குது. அந்த ஓரத்தை வெட்டிடட்டுமா?”



“வெட்டாதீங்க தம்பி” என்றேன். “அங்க ஆள் கீது.”